சுழி போட்ட அட்டை

துடைப்பறையிலிருந்து வெளியே வந்ததும் பிலோமினா முதலில் பார்ப்பது தன் விரல் நகங்களைத்தான். இருபத்து மூன்று வருடப் பழக்கம். நகம் ஒழுங்காக வளர்ந்திருந்தால் வழக்கு சுமாராகப் போயிருக்கிறது என்று அர்த்தம். சதை தெரியக் கடித்திருந்தால் அவள் எதையோ கண்டு நடுங்கியிருக்கிறாள். இன்று வலது கையில் மூன்று நகங்கள் மிச்சமிருந்தன. பரவாயில்லை ரகம்.

குமாஸ்தா அடைக்கலம் வாசலிலேயே உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றோடு நின்றார். துடைப்பு முடிந்தால் நாக்கில் துருப்பிடித்த மாதிரி ஒரு சுவை நிற்கும்.

“எத்தனை நாள் அண்ணே?”

“பத்தொம்போது நாளுங்க மேடம்.”

“கட்சிக்காரர் ஆம்பளையா, பொம்பளையா?”

“மேடம், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. விட்டுடுங்க.”

அவள் சிரித்துக்கொண்டே சாற்றைக் குடித்தாள். பத்தொன்பது நாள் அவள் யாரோ ஒருவருக்காக வாதாடியிருக்கிறாள். அந்த ஆள் வீட்டுக்குப் போனாரா, சிறைக்குப் போனாரா என்பது இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை.

நினைவு வாசிப்பான் வந்த புதிதில் ஊரே கைதட்டியது. இனிப் பொய்ச்சாட்சிக்கு வேலை இல்லை என்றார்கள். நீதிமன்ற ஆணை ஒன்று இருந்தால் போதும், தடய ஆணையம் யாருடைய மண்டையையும் திறந்து படிக்கலாம். மனைவி, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்றுகிறவர், யாரையும். குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் படிக்கக் கூடாது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பழைய விதி எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. ஆணையம் சும்மா இருக்குமா? வழக்கறிஞர்களைப் படிக்க ஆரம்பித்தது. கட்சிக்காரர்கள் வக்கீலிடம்கூட வாயைத் திறப்பதை நிறுத்தினார்கள். நீதிமன்றங்கள் ஊமைப் படம் போல ஓடின.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. வழக்கு நடக்கும் வரை வழக்கறிஞரின் மண்டைக்குக் காப்பு உண்டு. தீர்ப்பு வந்த அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்த வழக்கோடு ஒட்டிய நினைவு முழுவதையும் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் மறுநாள் காலை ஆணையத்தின் ஜீப் வாசலில் நிற்கும். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் வக்கீலின் நினைவே கட்சிக்காரரின் கழுத்துக்குக் கத்தியாகிவிடும். ஆகவே எல்லோரும் துடைத்துக்கொண்டார்கள். கோப்புகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. வெளியாகும் தீர்ப்புகளில் பெயர்கள் இருக்காது. முடிந்த வழக்கைப் பற்றிப் பழைய கட்சிக்காரர் வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசினாலும் இருவருக்கும் ஆறு மாதம் சிறை.

திருச்சி அமர்வில் பிலோமினா ஒன்றியக் காப்பு வழக்கறிஞர். ஒன்றியச் சட்டங்களின் கீழ் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக அரசே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நான்கு பேரில் ஒருத்தி. சட்டம் தெரியும், கையும் வாயும் பழகியிருந்தன. எங்கே, யாருக்காகப் பழகின என்பதுதான் தெரியாது. இந்தத் தொழிலில் பிரிவுபசார விழா நடந்தால் பேசுவதற்கு யாருக்கும் எதுவும் இருக்காது. சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும்.

மிஞ்சுவது ஒரு காகித அட்டை. வழக்கு முடிந்து துடைப்பறைக்குள் போகும் முன் வழக்கறிஞர் அதில் கட்சிக்காரரின் பெயரை எழுதி ஒரே ஒரு குறி போடலாம். இவர் மறுபடி வந்தால் எடுக்கலாம் என்றால் ஒரு கோடு. கூடாது என்றால் ஒரு சுழி. காரணம் எழுதக் கூடாது. வக்கீல் சங்கம் ஏற்படுத்திய வழக்கம் அது. சட்டத்தில் இல்லை, நீதிபதிகள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். அட்டைகளைக் குமாஸ்தா வைத்திருப்பார். சுழி போட்டவர் வந்தால் சத்தமில்லாமல் வேறு வக்கீலுக்குத் தள்ளிவிடுவார்.

சுழி என்றால் ஆபத்தான ஆள் என்பது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். எங்கோ ஓர் அமர்வில் சுழியை மதிக்காமல் போன வக்கீலைக் கட்சிக்காரர் பேனாவால் கழுத்தில் குத்தினாராம். இன்னொருவரின் வீட்டுக்குத் தீ வைத்தார்களாம். பிலோமினாவின் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் ஒன்பது சுழிகள் இருந்தன. அந்த ஒன்பது பேரும் எங்கே இருக்கிறார்களோ என்று பஸ்ஸில் போகும்போதுகூட அவளுக்கு நினைப்பு வரும்.

புதன்கிழமை காலை அடைக்கலம் ஓர் ஆணையை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“என்னண்ணே?”

“சுழி போட்ட ஆளுங்க மேடம். வைரக்கண்ணு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கேஸு. திரும்ப உள்ள வந்துருக்காரு. வக்கீல் வேணும்னா பிலோமினா மேடம்தான் வேணும்னு எழுதிக் கொடுத்துருக்காரு.”

அவள் ஆணையை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“வேற யாருக்காவது மாத்திவிடுங்க.”

“மத்த மூணு பேரும் ட்ரையல்ல இருக்காங்க. ஜட்ஜய்யா கையெழுத்தே போட்டுட்டாரு. சுழியைக் காரணமாக் காட்ட முடியாதுங்களே.”

அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். சுழி காகிதம் கிழியும்படி அழுத்திப் போடப்பட்டிருந்தது. தன் வாழ்நாளில் அவள் எதையும் அவ்வளவு அழுத்தி எழுதியதில்லை. இந்த ஆள் தன்னை என்ன செய்திருப்பான்?

வெள்ளிக்கிழமை ஒன்றியச் சிறையின் சந்திப்பு அறைக்குப் போனபோது, காவலரைக் கதவுக்கு வெளியே ஜன்னலை ஒட்டி நிற்கச் சொன்னாள். பேனாவைக் கைப்பையிலேயே வைத்துவிட்டாள். நாற்காலியைச் சுவர் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வைரக்கண்ணு உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க வெள்ளை, ஒடிசலான உடம்பு. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

“நல்லாருக்கீங்களா வக்கீலம்மா? எளச்சுட்டீங்க.”

“எனக்கு உங்கள அடையாளம் தெரியல.”

“தெரியாதும்மா. தொடச்சிருப்பாங்க. நீங்கதான் சொன்னீங்க, மறந்துருவேன்னு.”

புது வழக்கு தொடங்கிவிட்டதால் இங்கே பழைய வழக்கைப் பேசலாம், காப்பு உண்டு. சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை.

“உங்க பேருக்கு நேரா நான் சுழி போட்டு வச்சிருக்கேன். இவரை எடுக்காதேன்னு அர்த்தம். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? என்னை மிரட்டினீங்களா? அடிக்க வந்தீங்களா?”



“நானா? ஐயையோ. நான் ஒண்ணும் பண்ணலீங்களே. நீங்கதான் அழுதீங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள். அப்போது அவர் கொடிங்கால் ரெகுலேட்டரில் லஸ்கர் வேலை பார்த்தார். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, தண்ணீர் அளவைக் குறித்து வைப்பது. ஆறுகள் எல்லாம் ஒன்றியத்தின் சொத்தாகி, உத்தரவில்லாமல் ஒரு ஷட்டரைத் திறந்தால் ஆயுள் தண்டனை வரை போகும் என்று சட்டம் வந்த காலம்.

“எஞ்சினியரு போன்ல ரெண்டாம் ஷட்டரத் தொறன்னாரு, தொறந்தேன். ஆணையம் வந்து கேட்டப்ப, நான் சொல்லவே இல்லைன்னுட்டாரு. போன்ல பேசுனதுக்கு ரெக்கார்டு இல்லை. நான் அத்தனையும் உங்ககிட்ட சொன்னேன். நீங்க நம்புனீங்க. எஞ்சினியரு மண்டையப் படிக்கச் சொல்லி மனு போடுறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. மறுநாளு வந்து, ஒத்துக்கங்க வைரக்கண்ணு, ஒத்துக்கிட்டா பதினொண்ணு, எதுத்துத் தோத்தா ஆயுள்னீங்க.”

“மனு என்ன ஆச்சு?”

“போடலீங்க.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த மனுவைப் பற்றி அவளுக்குத் தெரியும். முழு வாசிப்பு மனு. எதிர்த்தரப்புச் சாட்சியின் நினைவை அப்படியே நீதிமன்றத்தில் காட்டச் சொல்லலாம். காட்டியதில் சாட்சி சொன்னதே சரி என்று தெரிந்தால் பொய் மனு என்று முடிவாகும். மனுப் போட்ட வழக்கறிஞரின் தொழில் உரிமமான சன்னது அன்றோடு ரத்து. பிறகு வாழ்நாள் முழுக்கக் கறுப்பு அங்கி போட முடியாது. அவளுக்குத் தெரிந்து யாரும் அதைப் போட்டதில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தீர்ப்பு சொன்ன அன்னைக்கு மத்தியானம் திரும்ப வந்தீங்க. ‘நான் பயந்துட்டேன். உங்களுக்காக இல்ல, என் சன்னதுக்காக. நீங்க வெளிய வந்தா தயவுபண்ணி என்கிட்ட வராதீங்க, நான் திரும்பவும் இதையேதான் செய்வேன்’னு சொல்லி அழுதீங்க. எனக்கே பாவமாப் போச்சு.”

“அப்புறம் ஏன் என்னையே கேட்டு எழுதிக் கொடுத்தீங்க?”

“நான் சொன்னத நம்புன ஆளு எனக்கு வேற யாரும்மா இருக்கா? எம் பொண்டாட்டிகூட நம்பல, செத்தும் போயிட்டா. நீங்க மறந்துருக்கலாம். ஆனா ஒரு தரம் நம்புன மண்டைதானே அது.”

காவலர் ஜன்னலைத் தட்டி நேரமாகிவிட்டது என்று காட்டினார். பிலோமினா எழுந்தாள். உள்ளே வரும்போது இருந்த பயம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அலுவலகத்துக்குத் திரும்பி மற்ற எட்டுச் சுழி அட்டைகளையும் மேசையில் பரப்பினாள். அந்தோணியம்மாள். ஜமால் முகமது. பச்சைமுத்து. இத்தனை வருடம் இந்தப் பெயர்களுக்குப் பயந்து அவள் வீட்டில் இரட்டைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். ஒருவேளை இவர்களில் யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள்தான் இவர்களுக்கு அநியாயம் செய்திருக்கிறாள். செய்துவிட்டு, முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுச் சுழி போட்டு, மறந்துபோய், பிறகு நல்லவள் மாதிரி அவர்களைக் கண்டு நடுங்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவள் பயந்திருக்கிறாள். பயந்தது மறந்துபோனதால் அடுத்த முறையும் புதிதாகப் பயந்திருக்கிறாள். திருந்துவதற்குக்கூட ஞாபகம் வேண்டும் அல்லவா? ஒன்றியம் முழுக்க இப்படி எத்தனை வக்கீல்கள், எத்தனை சுழிகள் என்று எண்ணிப் பார்த்தபோது அவளால் உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை அரசுத் தரப்பு தன் சலுகையைச் சொல்லியது. ஒப்புக்கொண்டால் பதினான்கு வருடம். எதிர்த்துத் தோற்றால் ஆயுள். விடுதலையான நான்காவது மாதமே அதே கொடிங்காலில் இரவு இரண்டு மணிக்கு ஷட்டரைக் கையால் சுற்றித் திறந்தார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி அங்கே இருந்த காவலாளி. அவனுடைய நினைவை ஆணையம் படித்து எழுத்துப் பிரதியாகத் தாக்கல் செய்திருந்தது: “சாட்சி, சக்கரத்தைச் சுற்றுபவரின் முகத்தைத் தெளிவாகக் காண்கிறார். முகம் வைரக்கண்ணுவுடையது.” இரண்டே வரி.

“அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?” என்று அவள் கூண்டருகே போய்க் கேட்டாள்.

“வீட்ல தூங்கிட்டு இருந்தேம்மா. தனி ஆளு. யாரு சாட்சி சொல்லுவா?”

“அந்தக் காவலாளிக்கு உங்க முகம் எப்படித் தெரியும்? நீங்க வேலைய விட்ட பின்னாடி சேந்தவன்தானே?”

“அதானே, எனக்கும் தெரியல. நான் அவனப் பாத்ததே இல்ல. ஆனா எம் படம் அங்க செவுத்துல மாட்டியிருக்குன்னாங்க. தண்ணி திருடுனவன்னு போட்டு.”

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தாள். எழுத்துப் பிரதியில் முகம் என்றுதான் இருந்தது, எப்படிப்பட்ட முகம் என்று இல்லை. காவலாளியின் நினைவுப் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஒருவேளை இவர் பொய் சொல்கிறார் என்றால்? பதினோரு வருடம் வெந்த ஆள், ஆத்திரத்தில் நிஜமாகவே போய்த் திறந்திருந்தால்? அப்போது இவருக்கு ஆயுள், அவள் சன்னதை இழந்து வீட்டில். நாற்பத்தொன்பது வயதில் வேறு எந்த வேலையும் தெரியாது.

பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக் கழிவறைக்குப் போனாள். முகம் கழுவினாள். பதினான்கு வருடத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதற்கான வாக்கியங்கள் தாமாகவே நாக்கில் வந்து நின்றன, நன்றாகப் பழகிய வாக்கியங்கள். அவை எவ்வளவு சுலபமாக வருகின்றன என்பதைக் கண்டுதான் அவள் மிகவும் பயந்தாள்.

திரும்பி வந்து நின்றபோது குரல் கிறீச்சிட்டது.

“குற்றச்சாட்டை மறுக்கிறோம், கனம் நீதிபதி அவர்களே. முழு வாசிப்பு மனு தாக்கல் செய்கிறேன்.”

அரசு வழக்கறிஞர் ஏதோ பாவம் பார்க்கிற மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“விளைவு தெரியுமல்லவா, அம்மா?”

“தெரியும்.”

எட்டாம் நாள் படம் காட்டப்பட்டது. அந்த எட்டு நாட்களும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நீதிமன்றத் திரையில் ஒரு காவலாளியின் மண்டைக்குள்ளிருந்து இரவு விரிந்தது. மங்கலான விளக்கு, தண்ணீர்ச் சத்தம், இரும்புச் சக்கரத்தின் மேல் குனிந்திருக்கும் ஓர் உருவம். உருவம் நிமிர்ந்தது. வைரக்கண்ணுவின் முகம்தான். மன்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. பிலோமினா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

“நிறுத்துங்க,” என்றாள் திடீரென்று. “அங்கேயே நிறுத்துங்க.”

திரையில் இருந்த வைரக்கண்ணுவின் தலைமுடி கன்னங்கரேல் என்றிருந்தது. கன்னம் உப்பலாக இருந்தது. சக்கரத்தைப் பிடித்த இடது கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

“என் கட்சிக்காரர் சிறைப் பட்டறையில் அந்த விரலை இழந்து ஆறு வருடம் ஆகிறது. சிறை மருத்துவப் பதிவேட்டில் இருக்கிறது. இந்த இரவு நடந்தது மூன்று மாதத்துக்கு முன்னால்.” அவள் குரல் இன்னும் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “காவலாளி இருட்டில் யாரையோ பார்த்திருக்கிறார். தினமும் சுவரில் பார்க்கிற பழைய படத்தை அந்த ஆளின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவு பொய் சொல்கிறது.”

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு வைரக்கண்ணு விடுதலை செய்யப்பட்டார். கூண்டுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிலோமினா அருகே போய் அவர் கையைப் பிடித்தாள். ஜெயித்தோம் என்றால் என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இதற்கு முன்பும் தெரிந்திருக்கலாம்.

மூன்று மணி நேரம் இருந்தது. அலுவலகத்துக்கு ஓடினாள்.

“அண்ணே, அந்த எட்டு அட்டையக் கொடுங்க. சுழிய அடிச்சுட்டுக் கோடு போடணும்.”

அடைக்கலம் அலமாரியின் குறுக்கே நின்றார். “முடியாதுங்க மேடம். முடிஞ்ச கேஸு அட்டையத் திருத்துனா ஆணையம் என்னைப் படிக்கும். எனக்கும் பொண்ணு புள்ளைங்க இருக்கு.”

“அப்ப நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர்றேன். நாளைக்கு என்கிட்ட கொடுத்துடுங்க. இவங்க கெட்டவங்க இல்ல, அவ்வளவுதான் எழுதுவேன்.”

“மேடம்.” அவர் கண் கலங்கியிருந்தது. “கெஞ்சாதீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அவரைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வைரக்கண்ணுவின் புது அட்டையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

துடைப்பறையில் தொழில்நுட்பர் அவள் நெற்றியில் பட்டைகளை ஒட்டினார். இளம் பெண், மரியாதையானவள்.

“ஒரே ஒரு விஷயத்த மட்டும் விட்டுவைக்க முடியுமாம்மா? வழக்கு வேண்டாம், பேரு வேண்டாம். நான் ஒரு தடவை பயத்த மீறி நின்னேன்ங்கறது மட்டும்.”

“வழக்கோட ஒட்டுனது எல்லாமே வந்துடும் மேடம். தனியாப் பிரிக்க வராது. கண்ண மூடிக்கங்க.”

பிலோமினா மூடிக்கொள்ளவில்லை. மூடினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அந்தோணியம்மாள், ஜமால் முகமது, பச்சைமுத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்காவது பெயர் வரவில்லை.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது நடைபாதை பாதி காலியாக இருந்தது. எதிர் பெஞ்சில் வைரக்கண்ணு சிறை கொடுத்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, இரண்டடி முன்னால் வந்து கும்பிட்டார். வாய் திறந்து மூடியது. கண்ணில் தண்ணீர்.

பிலோமினா சட்டென்று பின்வாங்கி அடைக்கலத்தின் கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாத ஆள். கண் சிவந்திருக்கிறது. பையில் என்ன வைத்திருக்கிறானோ.

“யாருண்ணே அது? என்னையே பாக்குறான்.”

அடைக்கலம் தரையைப் பார்த்தார். “தெரியலீங்க மேடம்.”

“சுழி போட்ட ஆளு யாராவது வெளிய வந்திருக்காங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“இல்லீங்க மேடம்.”

“எனக்குப் பயமா இருக்கு. வாங்க, பின்வாசல் வழியாப் போயிடலாம்.”

காவலர் ஒருவர் வந்து வைரக்கண்ணுவை உட்காரச் சொன்னார். அவர் உடனே உட்கார்ந்துகொண்டார். பிலோமினா திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் பின்வாசலுக்குப் போனாள்.